வியாழக்கிழமைக் குண்டு

மூத்தவளுக்குச் சந்தேகப்படுவதுதான் சோறு போடும் வேலை. டவுன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். பஸ்ஸில் ஏறியதும் அவள் யாருடைய முகத்தையும் பார்க்க மாட்டாள், கைகளைத்தான் பார்ப்பாள். டிக்கெட் எடுத்தவன் கை சும்மா கிடக்கும், எடுக்காதவன் கை சட்டைப்பையைத் துழாவும். தூங்குகிறவன்போல் நடிக்கிறவனுக்குக் கால் கட்டைவிரல் மட்டும் விழித்துக்கொண்டிருக்கும். கண்டக்டர்கள் அவளுக்குக் கழுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. வெளியே முறைத்தாலும் உள்ளூர அவளுக்குப் பெருமைதான்.

அப்படிப்பட்ட கழுகு வாழ்நாளெல்லாம் டிக்கெட் கேட்காமல் விட்டுவைத்த ஒரே ஆள், அவளைப் பெற்ற அப்பா. அவரையும் விட்டுவைக்காத நாள் ஒன்று வந்தது.

வீட்டுச் செருப்புகளையெல்லாம் வரிசையாக வைத்துப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த அப்பா, கையில் பிரஷ்ஷோடு அப்படியே சாய்ந்துவிட்டார். பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் தலையை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். காந்த மெஷின் என்றதும் மூத்தவள் குறுக்கே பாய்ந்தாள்.

"இருங்க, இருங்க! எங்கப்பா பட்டாளத்துல இருந்தவரு. இடுப்புல குண்டு இருக்கு. காந்தத்துக்குள்ள வெச்சா என்ன ஆகும்?"

சரி, குண்டு எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம் என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். எடுத்தவர் வெளியே வந்து தலையைச் சொறிந்தார்.

"இடுப்பு எலும்பு எப்பவோ ஒடஞ்சு கூடியிருக்குங்க. ஆனா குண்டுன்னு ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாருங்க."

"மேலயிருந்து கீழ வரைக்கும் பாத்தாச்சுங்க. ஊசி முனை அளவு இரும்புகூட இல்ல."

மூத்தவள் திரும்பிப் பார்த்தாள். அப்பா தள்ளுகட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தார். 'என்னப்பா இது?' என்று கேட்கத் தொண்டைவரை வந்தது. பேச முடியாத மனிதரிடம் என்ன கேட்பது? சாகக் கிடக்கிற அப்பாமேல் கோபம் வந்தது, அப்படிக் கோபம் வந்ததே என்று வெட்கமும் வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். எக்ஸ்ரே விஷயத்தை அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அப்பாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்லதைத்தான் சொல்வார்கள். அவளுடைய தொழில் புத்திக்கு அதுவே உறுத்தியது.

போரிலிருந்து கோணிய இடுப்போடு திரும்பி வந்தவருக்கு, பெரிய அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிப்ட் ஓட்டும் வேலை கிடைத்தது. முக்காலியில் உட்கார்ந்து, கம்பிக் கதவைத் திறந்து மூடி, ஆட்களை ஏற்றி இறக்குவது. எந்த மாடி என்று அவர் யாரையும் கேட்டதில்லை. முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார். கோபத்தோடு ஏறுகிறவர்களை மட்டும் வேண்டுமென்றே மெதுவாக ஏற்றுவார். "மேல போய்ச் சேர்றதுக்குள்ள பாதி ஆறிடும்ல" என்பார். அவர் ஓய்வு பெற்ற அன்று, கட்டடமே படியிறங்கி வந்து வாசலில் நின்றது. லிப்ட்டை ஓட்ட அன்று ஆளில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

வீட்டில் அவர் வேறு மாதிரி. மூத்தவளுக்குச் சின்ன வயதில் சடை போட்டுவிட்டது அவர்தான். இழுத்துப் பின்னுகிற பின்னலில் அவள் புருவம் இரண்டும் மேலேறி, நாள் முழுக்க ஆச்சரியப்பட்ட முகத்தோடு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். அம்மா காய்ச்சலில் விழுந்தால் அடுப்பு அவருடையது. அவர் வைக்கிற கஞ்சியைக் குடிக்கப் பயந்தே அம்மா சீக்கிரம் எழுந்துவிடுவாள். மகளைக் கட்டிக்கொடுத்த அன்று அத்தனை பேர் முன்னால் கம்பீரமாக நின்றவர், பிறகு பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் நின்று அழுததை மூத்தவள் பார்த்திருக்கிறாள்.

போரைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். ரொம்ப நச்சரித்தால் ஒரே ஒரு வாக்கியம்.

"குண்டு என் மேல விழுந்துச்சு. அதனாலதான் உசுரோட இருக்கேன்."

"விழுந்தும் உசுரோட இருக்கேன்னு சொல்லுங்க" என்று அம்மா திருத்துவாள்.

"விழுந்ததாலதான்" என்பார் அப்பா. விடவே மாட்டார். அம்மாவும் விட மாட்டாள். பட்டாளத்துக்குப் போனவருக்குத் தமிழ் தடுமாறுகிறது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள்.

வியாழக்கிழமை லிப்ட்டுக்கு எண்ணெய் போடும் நாள், அப்பாவுக்கு மதியத்தோடு விடுமுறை. வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, இஸ்திரிச் சட்டை மாட்டிக்கொண்டு, "குண்டைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று கிளம்பிவிடுவார். கோணிய இடுப்புக்குள் குண்டு தங்கியிருக்கிறது, அதை ஆஸ்பத்திரியில் காட்டப் போகிறார் என்று பிள்ளைகளாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள். மழையென்றாலும் போவார். ஓய்வு பெற்ற பிறகும் போனார். சாயங்காலம் திரும்பி வந்து கால் கழுவும்போது அம்மா கேட்பாள், "குண்டு எப்படி இருக்கு?"

"இருக்கு. கொஞ்சம் எளச்சிருக்கு" என்பார் ஒரு நாள். "இன்னிக்கு ஒரே கோவம்" என்பார் இன்னொரு நாள்.

"கோவம் வந்தா வெடிக்குமாப்பா?" என்று தம்பி கேட்பான், அப்போது சின்னப் பையன்.

"வெடிச்சுட்டுத்தான்டா அடங்கும்."

வீடே சிரிக்கும். அம்மா மட்டும் தும்முவாள். பவுடர் வாசனை பட்டால் அம்மாவுக்குத் தும்மல் நிற்காது, அதனாலேயே அந்த வீட்டுக்குள் பவுடர் டப்பா நுழைந்ததில்லை. ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் அம்மா தும்மினாள். இது மூத்தவளுக்கு நினைவு வந்தது, அப்பா போன பிறகு, காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டிருந்தபோது.

குண்டு இல்லை. ஆனால் குண்டைப் பார்க்கப் போனார். போன இடத்திலிருந்து பவுடர் வாசனையோடு வந்தார். அதுவும் இஸ்திரிச் சட்டையில் போய்! கழுகின் மூளைக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? பஸ்ஸில் எவனாவது இப்படியொரு கதை சொன்னால், அடுத்த ஸ்டாப்பிலேயே இறக்கிவிட்டிருப்பாள்.

இந்தச் சமயம் பார்த்துத்தான் முன்னாள் படைவீரர் சங்கத்தார் வீட்டுக்கு வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு நினைவுக் கூட்டம் வைக்கிறார்களாம். அம்மா மேடையில் உட்கார வேண்டுமாம், பிள்ளைகளில் ஒருவர் பேச வேண்டுமாம். தம்பி பெயர்ப்பலகை எழுதுகிறவன், மேடையில் நின்றால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "அக்கா பேசும், நான் எழுதறேன்" என்று வேலையைப் பிரித்துக்கொண்டான். முன்னறையில் நீளமாக வெள்ளைத் துணியை விரித்து, பென்சிலால் கோடு போட்டு எழுத்தும் வரைந்துவிட்டான்.

'உடம்பில் குண்டைச் சுமந்து வாழ்ந்த மாவீரர்.'

"எப்படிக்கா இருக்கு?"

இதைத் தலைக்குமேல் கட்டிவிட்டு அதன் கீழே நின்று அவள் பேச வேண்டும். பொய் டிக்கெட் என்று தெரிந்தே, தன் கையால் முத்திரை குத்த வேண்டும். அதைக்கூடச் செய்துவிடலாம். ஆனால் மேடையில் அம்மா உட்கார்ந்திருப்பாள். அந்த மனிதர் சொன்ன ஒரு பொய்யை நம்பித்தான் அம்மா ஒரு ஆயுள் முழுக்க அவர் திரும்பி வரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள் என்றால், அப்புறம் எதை நம்புவது? சடை போட்டதை நம்புவதா? பாத்திரம் கழுவும் இடத்தில் அழுததை நம்புவதா?

"பெயிண்ட்டை இப்பத் தொடாதடா" என்று மட்டும் சொன்னாள். "வியாழக்கிழமை போகட்டும்."

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனாள். வீட்டுப் பக்கமாகப் போகும் வண்டிகளின் பழைய கண்டக்டர்களைப் பிடித்து அப்பாவின் போட்டோவைக் காட்டினாள். கழுகு அருகில் வந்ததுமே தங்கள் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டவர்கள், விஷயம் வேறு என்றதும் நிம்மதியானார்கள். அவர்களில் ஒருவர் தலையசைத்தார்.

"இவரா? கடைசி ஸ்டாப்புல எறங்குவாரு மேடம். அங்க பெட்டிக்கடையில பிஸ்கட்டும் பவுடர் டப்பாவும் வாங்குவாரு. வாங்கிட்டு அந்த நீலக் கதவு வீட்டுக்குள்ள…" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். "எனக்கெதுக்கு மேடம் வம்பு. இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"சொந்தக்காரர்" என்றாள். அப்பா என்று சொல்ல நாக்கு எழவில்லை.

கடைசி ஸ்டாப்பில் இறங்கினாள். பெட்டிக்கடையை ஒட்டி ஒரு சந்து, சந்தின் கோடியில் நீலக் கதவு. கதவைத் தட்டும் முன் பக்கத்தில் பார்த்தாள், பார்க்காமல் இருக்க முடியாதே அவளால். கொடியில் ஒரு கட்டம் போட்ட சட்டை காய்ந்துகொண்டிருந்தது. அப்பாவின் சட்டை. எங்கே போயிற்று என்று வீடே தேடிய சட்டை. மூன்றாவது பொத்தான் பழுப்பு நூலில் தைத்திருந்தது. வெள்ளை நூல் தீர்ந்துபோய் அம்மா பழுப்பு நூலில் தைத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து ஊசி கோத்துக் கொடுத்ததே இவள்தான்.

திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். ஆனால் பாதி வண்டியில் பரிசோதனையை நிறுத்தி அவளுக்குப் பழக்கமில்லை. தட்டினாள்.

திறந்தது ஒரு பெண். அம்மாவைவிடச் சின்னவள். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே மூத்தவளின் முகத்தைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது.

"நீங்க மூத்தவங்கதானே? மூக்கு அப்படியே அவரு மூக்கு." பார்வை மூத்தவளைத் தாண்டிச் சந்தில் தேடியது. "அவரு எங்க? ஏன் இத்தனை நாளா வரல?"

அவர் என்ற அந்தச் சொல்லிலேயே மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிக்கெட் இல்லாதவர்களிடம் பேசுகிற குரலில் கேட்டாள்.

"நீங்க யாரு?"

அந்தப் பெண் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து ஒரு ஆண் குரல் இடி மாதிரி வந்தது.

"யாரது? குச்சியா? வந்துட்டானா அந்தத் துரை? உள்ள வரச் சொல்லு, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேக்கறேன்!"

"எங்கண்ணன்" என்றாள் அந்தப் பெண். "உள்ள வாங்க."

ஜன்னலை ஒட்டிய கட்டிலில் ஒரு மனிதர் கிடந்தார். குரலுக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. எலும்பும் தோலுமாக இருந்தார். இடுப்புக்குக் கீழே போர்வை அசையாமல் கிடந்தது. போட்டிருந்ததும் அப்பாவின் சட்டைதான், நீலக்கோடு போட்டது, தோளில் தொளதொளவென்று இருந்தது. தலைமாட்டில் பவுடர் டப்பா ஒன்று காலியாகக் கவிழ்ந்திருந்தது.

அவர் மூத்தவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் முகத்திலிருந்து இறங்கிப் போனது.

"செத்துட்டானா?"

மூத்தவள் தலையாட்டினாள்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தங்கை கதவைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன் என்றால் அப்பாவுக்கு ஆகாது, வாங்கியதே இல்லை. சொல்லி அனுப்ப இவர்களுக்கும் வழியில்லை, அவர்களுக்கும் வழியில்லை. ஒரு வீட்டில் அழுது முடித்துத் துணிகூட மடித்தாகிவிட்டது, இந்த வீட்டில் இப்போதுதான் ஆரம்பிக்கிறது.

"தப்பா நெனச்சுட்டேம்மா" என்றார் அவர், சுவரைப் பார்த்தே. "வர்றது அலுத்துப்போச்சு போல, கழட்டி விட்டுட்டான்னு நெனச்சேன். நேத்துகூடத் திட்டினேன். என்னைச் செருப்பால அடிக்கணும்."

'எனக்கும் அதே செருப்புதான்' என்று மூத்தவள் நினைத்துக்கொண்டாள். ஆனாலும் கழுகுக்குக் கேள்வி ஒன்று மிச்சமிருந்தது.

"அப்பா எங்ககிட்ட உங்களைப் பத்திச் சொன்னதே இல்லையே?"

அவர் திரும்பினார். "சொல்லாம எப்படி? குண்டைப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தானே வருவான்?"

மூத்தவளின் கண் கட்டிலைச் சுற்றிக் குண்டைத் தேடியது.

"நான்தாம்மா குண்டு" என்றார் அவர். "பட்டாளத்துல எனக்கு அந்தப் பேருதான். அவன் குச்சி, நான் குண்டு. அப்ப நான் இருந்த இருப்புக்கு அந்தக் கதவுல நேராப் போக முடியாது. எங்க தலைமேல வெடிக்க ஆரம்பிச்சப்ப இவன் எந்திரிச்சு ஓடப் பாத்தான், முட்டாப்பய. நான் அவன் மேல விழுந்து அமுக்கிட்டேன். இரும்பெல்லாம் என் முதுகுல எறங்குச்சு. என் கனம் தாங்காம அவன் இடுப்பு ஒடஞ்சுது. இன்னும் உள்ளதான் இருக்கு எனக்கு. குண்டுக்குள்ள குண்டு" என்று சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

'விழுந்ததாலதான்.' அப்பாவின் தமிழ் எந்தக் காலத்திலும் தடுமாறவே இல்லை.

"வீட்டுல சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"நான்தான் வேண்டாம்னேன். உங்கம்மாவைக் கூட்டிட்டு வரேன்னு ஒத்தக்கால்ல நின்னான். அவங்க வந்து, இவராலதான் என் புருஷன் பொழச்சாருன்னு கண்ணைக் கசக்குவாங்க. எனக்கு அது ஆகாது. நான் மலை மாதிரி இருந்தப்பப் பாத்தவன் நீ, நீ மட்டும் வா, இல்லைன்னா நீயும் வராதன்னு சொல்லிட்டேன். அதுக்கு அவன், சரி, ஆனா என் பொண்டாட்டிகிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன், குண்டைப் பாக்கப் போறேன்னு சொல்லிட்டுத்தான் வருவேன்னான். சொல்லிக்கோடான்னேன்."

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள். மூத்தவளின் அப்பாதான் வியாழக்கிழமைதோறும் வந்து அண்ணனுக்குச் சவரம் செய்வார். முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவார், படுத்தே கிடக்கிற உடம்பு புண்ணாகாமல் இருக்க. பிறகு கோணிய இடுப்போடு அண்ணனைத் தூக்கி ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைப்பார். இரண்டு பேரும் தெருவைப் பார்த்துக்கொண்டு பிஸ்கட்டுக்குச் சண்டை போடுவார்கள். அவர் வராததிலிருந்து அண்ணன் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. அவளால் தனியாகத் தூக்க முடியவில்லை, வேறு யாரையும் தொட அண்ணன் விடுவதும் இல்லை.

மூத்தவள் எழுந்தாள். பெட்டிக்கடைக்குப் போய்ப் பவுடர் டப்பா வாங்கி வந்தாள்.

"நீ தொடக் கூடாது" என்றார் குண்டு.

"நான் டிக்கெட் செக்கர். எங்கிட்ட சத்தம் போட்டவங்க யாரும் ஜெயிச்சதில்ல. திரும்புங்க."

அவர் முறைத்தார். பிறகு திரும்பினார். முதுகெல்லாம் வரிவரியாகத் தழும்பு. மூத்தவள் அதைத் துடைத்தாள். அப்பாமேல் விழவேண்டியதெல்லாம் இங்கே விழுந்திருக்கிறது என்று நினைத்தபோது, அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அழுதுகொண்டே பவுடர் போட்டாள். பிறகு இரண்டு பெண்களும் சேர்ந்து அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவர் தெருவைப் பார்த்தார். அவள் கிளம்பும்போது, "வியாழக்கிழமைதானே?" என்றார்.

"வியாழக்கிழமைதான்" என்றாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது முன்னறையில் தம்பி துணிக்குப் பக்கத்தில் பெயிண்ட் டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அம்மா நாற்காலியில் இருந்தாள். மூத்தவள் செருப்பைக் கழற்றி உள்ளே வந்தாள். அம்மா தும்மினாள். இன்னொரு தரம் தும்மினாள். அப்புறம் தும்மல் நின்றும் அவள் முகம் நிமிரவில்லை.

"போய்ப் பாத்துட்டியா?" என்றாள் அம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. "யாருடி அவ?"

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எத்தனை பேரைக் கண்டுபிடித்தவள், சொந்த வீட்டில் இருந்த இன்னொரு சந்தேகத்தைக் கண்டுபிடிக்கவே இல்லை. வாரம் தவறாமல் 'குண்டு எப்படி இருக்கு?' என்று அம்மா கேட்டதெல்லாம் அக்கறை மட்டும் இல்லை, டிக்கெட் கேட்டதும்தான். அவர் நீட்டியதை வாங்கிப் பார்க்கத் துணியாமல் ஒவ்வொரு தடவையும் விட்டிருக்கிறாள்.

"அவ இல்லம்மா." மூத்தவள் அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "குண்டும்மா. குண்டைத்தான் பாக்கப் போயிருக்காரு. குண்டுங்கிறது ஒரு ஆளு."

எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். "விழுந்ததாலதான்" என்ற இடம் வந்தபோது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவி மனுஷன்" என்றாள். "எத்தனை தடவை திருத்தினேன்! நான் திருத்தினதைத் திருத்திக்கிட்டே இருந்தாரே!" சிரித்தாள், அப்படியே அழுதாள். அப்பா போன அன்றுகூட அம்மா இப்படி அழவில்லை. அன்றைக்கு அவள் அழுகையில் பாதி எங்கேயோ அடைத்துக்கொண்டிருந்தது.

தம்பி துணியைப் பார்த்தபடி மலங்க மலங்க விழித்தான். "அப்ப இதை என்னக்கா பண்றது? மொத்தமா அழிச்சிடவா?"

"முதல் சொல்லை மட்டும் அழி. மத்தது உண்மைதான்."

தம்பி ரப்பரை எடுத்து 'உடம்பில்' என்பதை அழித்தான். 'குண்டைச் சுமந்து வாழ்ந்த மாவீரர்' என்று மிச்சம் நின்றது. அம்மா அதை எழுத்துக் கூட்டி ஒரு தரம் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, வியாழக்கிழமை சாயங்காலம் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாள், இந்தத் தடவை நிஜமாகவே தெரிந்துகொள்வதற்காக.

"குண்டு எப்படிடி இருக்கு?"

"ரொம்ப எளச்சிருக்கும்மா" என்றாள் மூத்தவள்.